ஃபின்ஜானும் தனிக்குவளையும்

போன மாதம் எங்கள் காலனித் தம்பி ஒருவன் மஸ்கட்டுக்குக் கிளம்பினான். ஐ.டி.ஐ. முடித்த ஏ.சி. மெக்கானிக். விசா வந்த நாளிலிருந்து மூன்று தடவை எங்கள் வங்கிக் கிளைக்கு வந்துவிட்டான். முதல் தடவை பாஸ்புக் பதிய. இரண்டாம் தடவை அவன் அம்மா பேரில் கணக்குத் தொடங்க. மூன்றாம் தடவை கவுண்டர் மூடும் நேரமாகப் பார்த்து வந்து, என்னை வெளியே டீக்கடைக்குக் கூட்டிப்போய், தயங்கித் தயங்கிக் கேட்டான்.

“அண்ணே, நீங்க அங்க மூணு வருஷம் இருந்திருக்கீங்க. ஒரே தட்டுல எல்லாரும் கையவிட்டுத் திம்பாங்களாமே, நெசமாண்ணே?”

“நெசந்தான் தம்பி.”

“நம்மளயும் உக்காரச் சொல்வாங்களா?”

இந்த இரண்டாவது கேள்விதான் என்னை எழுத வைத்தது. ஏஜென்ஸிக்காரர் அவனுக்கு ஒரு தாள் கொடுத்திருந்தார். இடது கையால் சாப்பிடாதே. ரமலான் மாதத்தில் பகல் பொழுதில் பொது இடத்தில் சாப்பிடாதே, தண்ணீர்கூடக் குடிக்காதே. கொடுத்ததை மறுக்காதே. இப்படிப் பன்னிரண்டு பதின்மூன்று வரிகள். எல்லாம் சரியான தகவல்தான். வார இதழ்களிலும் இப்படி எழுதுகிறார்கள்: ஃபோர்க்கை எந்தக் கையில் பிடிப்பது, சூப்பை எப்படிச் சத்தமில்லாமல் குடிப்பது. இவற்றை எழுதுகிறவர்கள் எல்லோரும் ஒன்றை மட்டும் தெரிந்ததாக எடுத்துக்கொள்கிறார்கள். கிளம்பிப் போகிறவன் ஊரில் எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிட்டுப் பழகியவன், அங்கே போய்க் கைப்பழக்கத்தை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும் என்று. ‘நம்மளயும் உக்காரச் சொல்வாங்களா’ என்று கேட்கிறவன் அவர்கள் கணக்கிலேயே இல்லை.

நான் சொல்ல வருவது இதுதான். வெளிநாட்டுச் சாப்பாட்டு முறைக்குப் பழகுவது என்பது நம் ஆட்கள் எல்லோருக்கும் ஒரே வேலை அல்ல. கையைப் பழக்குவது பத்து நாள் சமாச்சாரம். சாதியைப் பழக்குவதுதான் கஷ்டம். அது ஊர்த்தெருக்காரனுக்கு ஒருவிதமாகக் கஷ்டம், நமக்கு வேறுவிதமாகக் கஷ்டம். நமக்கு ஒன்றும் கஷ்டமே இல்லை என்று நினைத்துக்கொண்டுதான் நான் போனேன். அந்த நினைப்பு எங்கே உடைந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

*

நான் 2011இல் ஓமானுக்குப் போனேன். பி.காம். முடித்து ஒரு வருஷம் சும்மா திரிந்தவனை அப்பா கடன் வாங்கி அனுப்பினார். ரோடு போடுகிற ஒரு கம்பெனியில் டைம்கீப்பர் வேலை. மஸ்கட்டிலிருந்து நிஸ்வா போகும் வழியில், புல் பூண்டு இல்லாத மலையின் அடிவாரத்தில் கேம்ப். காலையில் எத்தனை பேர் வேலைக்கு இறங்கினார்கள், யாருக்கு எத்தனை மணி ஓவர்டைம் என்று எழுதி வைக்க வேண்டும். 2014 கடைசியில் திரும்பி வந்து, பரீட்சை எழுதி, வங்கியில் எழுத்தரானேன்.

போன இரண்டாம் மாதம் ஹஜ்ஜுப் பெருநாள். எங்கள் கேம்ப் வாட்ச்மேன் பக்கத்துக் கிராமத்து ஓமானி, அறுபது வயதுக்கு மேல் இருக்கும். பெருநாளுக்கு மறுநாள் சாப்பிட வாருங்கள் என்று எங்களில் நாலு பேரைக் கூப்பிட்டார். நான், மலையாளி சர்வேயர் ஒருவர், பாகிஸ்தானி டிரைவர் ஒருவர், எங்கள் பக்கத்து மாவட்டத்துக்காரரான ஃபோர்மேன் ஒருவர்.

அந்த ஊர்களில் பெருநாளுக்கு ‘ஷுவா’ என்று ஒரு கறி செய்கிறார்கள். ஆட்டுக்கறியில் மசாலாவைப் பூசி, வாழை மட்டை, ஈச்ச ஓலை என்று கிடைப்பதில் சுற்றி, ஓலைப் பையில் கட்டி, தரையில் தோண்டிய பெரிய குழிக்குள் கங்கின்மேல் போட்டு, மூடி, காற்றுப் போகாமல் மண்ணால் பூசிவிடுகிறார்கள். ஒருநாள், சில இடங்களில் இரண்டு நாள், உள்ளேயே வேகிறது. குழி பெரும்பாலும் ஊருக்குப் பொது. ஒவ்வொரு வீட்டு மூட்டையும் அதே குழியில்தான் கிடக்கும். அவரவர் மூட்டைக்கு அடையாளம் கட்டி வைத்திருப்பார்கள். திறக்கும்போது ஊரே சுற்றி நிற்கும். ஊரின் கறி எல்லாம் ஒரே நெருப்பில் வேகிறது என்பதைப் பார்த்து நான் கொஞ்சநேரம் அப்படியே நின்றுவிட்டேன். நம் ஊரில் அடுப்புக்கு நெருப்பு வாங்க ஒரு தெருவிலிருந்து இன்னொரு தெருவுக்குப் போக முடியாது என்று அப்பத்தா சொல்லிக் கேட்டு வளர்ந்தவன் நான்.

ஊர்ப் பொதுக்கூடத்தை ‘சப்லா’ என்கிறார்கள். செருப்பை வெளியே விட்டு உள்ளே போனோம். உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள். வலது பக்கம் தொடங்கி ஒவ்வொருவராகக் கை கொடுத்துக்கொண்டே போக வேண்டும். எனக்காக முப்பது பேர் எழுந்து நின்றது என் ஆயுளில் அதுதான் முதல் தடவை. என்ன செய்வது என்று தெரியாமல் கும்பிட்டுத் தொலைத்தேன். மலையாளி சர்வேயர் முழங்கையால் இடித்தார்.

முதலில் பேரீச்சம்பழம், அல்வா. பிறகு காபி. ஏலக்காய் போட்ட கறுப்புக் காபி, சர்க்கரை கிடையாது. மூக்கு நீண்ட கூஜாவை இடது கையில் பிடித்துக்கொண்டு, கைப்பிடியில்லாத சின்னக் கிண்ணத்தை வலது கையால் நீட்டுகிறார்கள். கிண்ணத்துக்குப் பெயர் ஃபின்ஜான். அடியில் ரெண்டு வாய்க்குத்தான் ஊற்றுவார்கள். குடித்துவிட்டு வெறுங்கிண்ணத்தைத் திருப்பிக் கொடுத்தால் மறுபடி ஊற்றுவார்கள். போதும் என்றால் கிண்ணத்தை லேசாக ஆட்டிக் கொடுக்க வேண்டும். எனக்கு அது தெரியாது. மரியாதையாக ‘நோ, நோ’ என்று சொல்லிக்கொண்டே நீட்டினேன், ஊற்றிக்கொண்டே இருந்தார்கள். ஏழு தடவை குடித்தேன். அன்று ராத்திரி தூக்கமில்லை. இந்தக் காபி வழங்கும் முறையை ஐக்கிய அரபு அமீரகம், சவூதி அரேபியா, ஓமான், கத்தார் நான்கு நாடுகளும் சேர்ந்து யுனெஸ்கோ பட்டியலில் 2015இல் சேர்த்தன என்று பிறகு படித்தேன்.

என்னை உலுக்கியது வேறு. அந்தக் கூட்டத்தில் இருந்தது மொத்தம் நாலைந்து ஃபின்ஜான்கள்தான். நான் குடித்துக் கொடுத்ததில்தான் அடுத்தவருக்கு ஊற்றினார்கள். அவர் உதட்டில் வைத்துக் குடித்தார். அவர் கொடுத்தது அதற்கடுத்தவருக்கு. அவர் தலைப்பாகை கட்டிய, இடுப்பில் கத்தி செருகிய, அந்த ஊர்ப் பெரியவர்.

நம் ஊரில் டீக்கடையில் எங்கள் தாத்தா குடித்த கிளாஸ் வெளியே கூரைச் சந்தில் செருகியிருக்கும். குடித்துவிட்டு அவரே கழுவி அவரே செருகி வைக்க வேண்டும். இப்போது பேப்பர் கப் வந்துவிட்டது, ‘தனிக்குவளை எல்லாம் ஒழிஞ்சுபோச்சுப்பா’ என்கிறார்கள். எங்கே ஒழிந்தது? குடித்ததைக் கசக்கித் தூக்கிப் போட்டுவிட்டால் அடுத்தவன் உதடு படவேண்டிய அவசியமே இல்லாமல் போகிறது. அவர்கள் பிரச்சினை தீர்ந்தது. நம் பிரச்சினை குப்பைத்தொட்டியில் கிடக்கிறது.

*

காபி முடிந்ததும் தரையில் நீளமாக ஒரு விரிப்பைப் போட்டார்கள். அதன்மேல் ‘சஹன்’. நம் ஊர்த் தாம்பாளம் மாதிரி, அதைவிடப் பெரிது. சோறு மலைபோல. மேலே ஷுவா. ஒரு சஹனைச் சுற்றி ஐந்தாறு பேர் உட்கார வேண்டும். ‘தஃபத்தல், தஃபத்தல்’ என்றார்கள். வாங்க, உட்காருங்க, எடுத்துக்குங்க எல்லாவற்றுக்கும் அந்த ஒரே சொல்.

முறைகள் உண்டு. வலது கை மட்டும். உனக்கு நேரே உள்ள சோற்றைத்தான் எடுக்கலாம், அடுத்தவர் பக்கம் கை போகக் கூடாது. சோற்றைக் கறியோடு சேர்த்து உள்ளங்கையில் உருட்டி, கட்டை விரலால் வாய்க்குள் தள்ளுவார்கள். நல்ல கறித்துண்டை வீட்டுக்காரர் பிய்த்து விருந்தாளி பக்கம் தள்ளிக்கொண்டே இருப்பார். விருந்தாளி நிறுத்தும்வரை அவர் எழுந்திருக்க மாட்டார். இதில் எதுவும் தமிழனுக்குக் கஷ்டமில்லை. கையால் சாப்பிடுவதும் வலதுகைக் கட்டுப்பாடும் நமக்குப் பிறந்ததிலிருந்து உள்ளவை.

கஷ்டம் ‘எச்சில்’ என்கிற ஒரு சொல்லில் இருக்கிறது. வாய்க்குப் போன கை திரும்பவும் அதே சோற்றுக்கு வருகிறது. ஆறு பேரின் கையும் அப்படித்தான். தமிழில் அதற்குப் பெயர் எச்சில். அங்கே அதற்குப் பெயர் சாப்பாடு. ஊர்த்தெருக்காரனுக்கு எச்சில் என்றால் அடுத்தவன் வாய் பட்டது, தன்மேல் படக்கூடாதது. அவன் அண்ணாந்து தண்ணீர் குடிப்பதும், தனி இலை போடுவதும், இலையைச் சுற்றித் தண்ணீர் தெளிப்பதும் அதற்காக. நமக்கு எச்சில் என்றால் என்ன? நம் பாட்டன் பூட்டனைப் பொறுக்கச் சொன்னது. பந்தி முடிந்து வெளியே விழுந்த இலையில் ஒட்டியிருந்தது. ஒரே சொல்தான். அவனுக்கு அருவருப்பு, நமக்கு அவமானம். ஒரே தட்டின் முன்னால் உட்காரச் சொன்னால் இரண்டும் ஒரே நேரத்தில் எழுந்து வரும்.

அன்று வந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? எல்லோரும் சஹனைச் சுற்றி உட்கார, நான் இரண்டடி பின்னால், சுவரோரமாகப் போய் உட்கார்ந்தேன். யாரும் சொல்லவில்லை. அந்த ஊரில் யாருக்கும் என் தெரு தெரியாது. என் சாதியைச் சொல்ல அவர்கள் மொழியில் ஒரு வார்த்தை இருந்ததாகவும் எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் என் உடம்புக்குத் தெரிந்திருந்தது. எங்கள் ஊரில் ஊர்க்கல்யாணம் என்றால், பந்தி எல்லாம் முடிந்தபிறகு, கொட்டகைக்கு வெளியே, வீட்டிலிருந்து கொண்டுபோன சட்டியோடு அப்பத்தா காத்துநிற்பாள். சின்னவயதில் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு நானும் நின்றிருக்கிறேன். பி.காம். படித்துக் கடல் தாண்டிப் போனபிறகும் அந்தச் சட்டி என் கையில் இருந்திருக்கிறது.

வாட்ச்மேன் பெரியவர் திரும்பிப் பார்த்தார். எழுந்து வந்து என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக் கொண்டுபோய்த் தன் பக்கத்தில் உட்கார வைத்தார். ஒன்றும் பேசவில்லை. பேசினாலும் எனக்குப் புரிந்திருக்காது. ஒரு எலும்புத்துண்டைப் பிய்த்து என் பக்கம் போட்டார். தின்றேன்.

ஃபோர்மேன் சாப்பிடவில்லை. ‘வயிறு சரியில்ல’ என்று சைகை காட்டி, இரண்டு வாழைப்பழமும் ஒரு பிடி பேரீச்சம்பழமும் எடுத்துக்கொண்டார். எனக்கு முதலில் பாவமாக இருந்தது. மறுநாள் கேம்பில் அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “தம்பி, உங்க ஊர்ல நீங்க எந்தத் தெரு?” என்று கேட்டபோதுதான் அவர் வயிற்றில் என்ன கோளாறு என்று விளங்கியது. அரபிக்காரன் கை பட்டதுகூட அவருக்குப் பெரிய விஷயமில்லை. என் கை பட்ட சோறாக இருந்துவிடுமோ என்பதுதான். அதற்குப் பிறகு மூன்று வருஷத்தில் எத்தனையோ தடவை அவருக்கு வயிறு சரியில்லாமல் போனது. கேம்ப் அறையில் ஊர்க்காரர்கள் சேர்ந்து சமைக்கிற அடுப்பில் மாட்டுக்கறி கூடாது என்று சட்டம் போட்டதும் அவர்தான். கறி சூப்பர் மார்க்கெட்டில் பகிரங்கமாக விற்கிறது, நாடு தடுக்கவில்லை, கம்பெனி தடுக்கவில்லை. எங்களை அடுப்புக்கு வெளியே நிறுத்தியது பாஸ்போர்ட்டில் குத்தாமலே எல்லை தாண்டி வந்த சாதி.

*

இந்த ஃபோர்மேன் புதிதாக முளைத்தவர் அல்ல. கடல் தாண்டிச் சாப்பிடுவதற்கு இந்த நாட்டில் ஒரு சரித்திரமே இருக்கிறது. 1888இல் காந்தி லண்டனுக்குக் கப்பலேறப் புறப்பட்டபோது, பம்பாயில் அவருடைய மோத் பனியா சாதிக்கூட்டம் கூடி அவரைச் சாதியைவிட்டு விலக்கியது. அங்கே மதத்தைக் காப்பாற்ற முடியாது, வெள்ளைக்காரனோடு சேர்ந்து சாப்பிட வேண்டிவரும் என்பது அவர்கள் வாதம். அவர் அம்மாவுக்குச் சத்தியம் செய்து கொடுத்துப் போய், கறி தொடாமல் பட்டினி கிடந்து, ஃபேரிங்டன் தெருவில் ஒரு சைவ உணவுக்கடையைக் கண்டுபிடித்துப் பிழைத்தார். 1891இல் திரும்பி வந்ததும் அண்ணன் அவரை நாசிக்குக் கூட்டிப்போய் ஆற்றில் முழுக வைத்தார். பிறகு ராஜ்கோட்டில் சாதிக்காரர்களுக்கு விருந்து வைத்தார்கள். சாதியில் ஒரு பகுதி சேர்த்துக்கொண்டது. பாருங்கள், வெளியே தள்ளப் பயன்பட்டதும் சாப்பாட்டுப் பேச்சு, உள்ளே விடப் பயன்பட்டதும் சாப்பாடு.

1914இல் கும்பகோணத்துக் கணிதமேதை ராமானுஜன் கேம்பிரிட்ஜுக்குப் போனார். கல்லூரிச் சாப்பாட்டுக் கூடத்தில் மற்றவர்களோடு உட்காராமல் அறையிலேயே தானே சமைத்துச் சாப்பிட்டார். அந்த வருஷமே உலகப்போர் வந்து காய்கறிக்குத் தட்டுப்பாடு. 1917இல் நோயில் விழுந்தார், 1919இல் திரும்பினார், 1920இல் இறந்தார். அவர் பட்டினியை நான் கேலி செய்ய மாட்டேன். பசி யாருக்கும் பசிதான். பக்கத்திலேயே கூடமும் விளக்கும் மனிதர்களும் இருக்க, ஒரு மனிதனைத் தனியே அடுப்பு மூட்ட வைத்த ஒழுக்கம் அவருக்கும் நல்லது செய்யவில்லை என்றுதான் சொல்கிறேன்.

அதே காலத்தில் இன்னொருவர் போனார். 1913இல் அம்பேத்கர் நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அவரைச் சாதியைவிட்டு விலக்க எந்தக் கூட்டமும் கூடவில்லை. விலக்கி வைக்க அவர் உள்ளே இருந்ததே இல்லை. 1920இல் மறுபடி லண்டனில் படிக்கும்போது, ராத்திரிப் பசிக்கு அப்பளத்தைச் சுட்டுத் தின்று விடிய விடியப் படித்தார் என்று அவர் வாழ்க்கையை எழுதிய தனஞ்சய் கீர் சொல்கிறார். இதுவும் பட்டினிதான். ஆனால் ராமானுஜன் பட்டினி விதியால் வந்தது, அம்பேத்கர் பட்டினி காசில்லாததால் வந்தது. வெளிநாட்டில் இருந்த வருஷங்களில், தான் தீண்டப்படாதவன் என்கிற நினைப்பே மனசைவிட்டு அழிந்துபோயிருந்தது என்று அவரே எழுதியிருக்கிறார். 1917இல் பரோடாவுக்கு வேலைக்கு வந்து இறங்கியதும் தங்க இடமில்லை. பெயரை மறைத்து ஒரு பார்சி விடுதியில் தங்கினார். கண்டுபிடித்துத் தடிகளோடு வந்து விரட்டினார்கள். அவருக்கு அந்நிய நாட்டுக்குப் பழகுவது கஷ்டமாக இல்லை. சொந்த நாட்டுக்குத் திரும்பப் பழகுவதுதான் முடியாமல் போனது.

இன்றைக்கும் அமெரிக்கா போகிறவர்கள் ‘வெஜிடேரியன் மட்டும்’ என்று போட்டு அறைக்கு ஆள் தேடுகிறார்கள். நாக்குக்காக என்றால் யாருக்கும் ஆட்சேபம் இல்லை. ஆனால் ‘வெஜிட்டேரியனா’ என்று கேட்பது பல இடங்களில் ‘எந்தத் தெரு’ என்று கேட்பதற்கு இங்கிலீஷ். 2023 பிப்ரவரியில் சியாட்டில் நகரசபை சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்து சட்டம் போட்டது. கலிபோர்னியாவில் அதே மாதிரி மசோதா சட்டசபையைத் தாண்டியும் அக்டோபரில் ஆளுநர் கையெழுத்திடவில்லை. சமையலறையில் கமுக்கமாகப் போன விஷயம் சட்டசபைவரை வந்துவிட்டது.

*

சரி, அரபு நாடு சமத்துவபுரி என்று நான் சொல்கிறேனா? இல்லவே இல்லை. அப்படி எழுதினால் என்னோடு கேம்பில் இருந்தவர்கள் என்னைச் செருப்பால் அடிப்பார்கள். எங்கள் கம்பெனியில் ஸ்டாஃப் மெஸ் தனி, லேபர் மெஸ் தனி. ஸ்டாஃபுக்குப் பீங்கான் தட்டு, லேபருக்குப் பள்ளம் போட்ட ஸ்டீல் தட்டு. வேறு கம்பெனிக்கு மாற வேண்டுமென்றால் பழைய முதலாளியிடம் ஆட்சேபமில்லை என்று கடிதம் வாங்க வேண்டும் என்ற விதி ஓமானில் 2021 ஜனவரியில்தான் எடுக்கப்பட்டது. நான் இருந்த காலம் முழுக்க அந்தக் கயிறு எங்கள் கழுத்தில் கிடந்தது. சப்லாவில் என்னோடு ஒரே சஹனில் சாப்பிட்டவர்கள் எல்லோரும் ஆண்கள். சமைத்த பெண்கள் வேறு அறையில். ஓமானில் அடிமைமுறை ஒழிந்தது சுல்தான் காபூஸ் ஆட்சிக்கு வந்த 1970இல்தான். அடிமையாக இருந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்குப் பெண் கொடுப்பதில் இன்றும் குலம் கோத்திரம் பார்க்கிற குடும்பங்கள் உண்டு. தட்டு ஒன்றாக இருப்பதால் எல்லாம் ஒன்றாகிவிடாது.

இதை அம்பேத்கர் 1936இலேயே சொல்லிவிட்டார். லாகூர் ஜாத்-பாத்-தோடக் மண்டலுக்காக எழுதி, பேச விடாமல் தடுக்கப்பட்ட அந்த உரையில், சேர்ந்து உண்பதால் மட்டும் சாதி சாகாது, கலப்பு மணமே மருந்து, அதற்கும் அடியில் சாஸ்திரத்தின் மேலுள்ள நம்பிக்கை போக வேண்டும் என்று வாதிட்டார். சரிதான். நம் அரசாங்கமும் ஒவ்வொரு ஆகஸ்ட் 15க்கும் கோயில்களில் பொதுவிருந்து போடுகிறது. கலெக்டர் உட்காருகிறார், போட்டோ வருகிறது, மறுநாள் அவரவர் தெரு அவரவருக்கு.

ஆனாலும் ஒன்று. சேர்ந்து உண்டால் சாதி சாகாது என்பது உண்மை. சேர்ந்து உண்ணாத இடத்தில் அது நன்றாகத் தின்று கொழுக்கிறது என்பதும் உண்மை. என் மணிக்கட்டை ஒருவர் பிடித்து இழுத்த அந்த ஒரு நிமிஷத்தில் என் சம்பளம் ஏறவில்லை, கயிறு அறுந்துவிடவில்லை. ஆனால் அப்பத்தாவின் சட்டி கையைவிட்டு இறங்கியது. அதற்குப் பிறகு எந்தச் சாப்பாட்டிலும் நான் சுவரோரம் உட்கார்ந்ததில்லை.

*

இதோடு கட்டுரையை முடித்துவிட்டால் எனக்கு வசதி. நான் பாதிக்கப்பட்டவன், அரபிப் பெரியவர் நல்லவர், ஃபோர்மேன் கெட்டவர். முடிக்க முடியவில்லை. இரண்டாம் வருஷத்துப் பெருநாளில் நடந்ததைச் சொல்லாவிட்டால் இதை எழுதியதில் அர்த்தமில்லை.

அந்த வருஷமும் அதே பெரியவர் கூப்பிட்டார். அந்தத் தடவை கேம்பில் கக்கூஸ் கழுவுகிற தமிழ்ப் பையனும் வந்தான். எங்கள் பக்கத்து ஊர். எங்கள் சேரியின் கீழக்கோடியில் இருக்கிற அருந்ததியர் தெருவில் அவனுக்குச் சொந்தக்காரர்கள் உண்டு. நான் தைரியமாக சஹன் முன்னால் உட்கார்ந்தேன், பழகியவன் அல்லவா. அவன் சுவரோரமாகப் போய் உட்கார்ந்தான். போன வருஷம் நான் உட்கார்ந்த அதே இடம். பெரியவர் அவனையும் இழுத்து வந்து என் பக்கத்தில் உட்கார வைத்தார். அவன் கை சோற்றுக்குள் போனது.

என் கை நின்றது.

எவ்வளவு நேரம்? மூன்று நொடி, நாலு நொடி இருக்கும். யாரும் கவனிக்கவில்லை. அவன் கவனித்தான். ஒரு தரம் என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டான். எந்தப் பார்வை என்று எனக்குத் தெரியும். ஃபோர்மேனை நான் பார்த்த பார்வை. எங்கள் அப்பத்தா, ஊர்க்கல்யாணத்தில் சட்டியோடு நின்றவள், அந்தக் கீழக்கோடித் தெருவில் ஒருநாளும் தண்ணீர் வாங்கிக் குடித்ததில்லை. அவள் சட்டியை இறக்கிவைத்தேன் என்று சொன்னேனே, அவளுடைய மற்றக் கையிலிருந்ததை நான் இறக்கவே இல்லை.

பிறகு சாப்பிட்டேன். ஒரே சஹனில், அவன் பக்கத்தில், வயிறு நிறைய. அந்த நாலு நொடியைச் சாப்பாடு அழிக்கவில்லை. திரும்பும்போது வண்டியில் மன்னிப்புக் கேட்கலாம் என்று நினைத்தேன். என்னவென்று கேட்பது? “விடுங்கண்ணே” என்று அவனே முந்திக்கொண்டு சொன்னான். நான் இன்னும் வாயே திறக்கவில்லை.

தோழர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. நம் பத்திரிகைகளில் ஊர்த்தெருவைப் பற்றி நிறைய எழுதிவிட்டோம், இன்னும் எழுத வேண்டும். ஆனால் 2009இல் அருந்ததியருக்கு 3 விழுக்காடு உள் ஒதுக்கீடு வந்தபோது நம் தெருக்களில் எழுந்த முணுமுணுப்பு ஞாபகமிருக்கிறதா? 2024 ஆகஸ்டில் உச்சநீதிமன்றத்தின் 7 நீதிபதிகள் அமர்வு, உள் ஒதுக்கீடு செல்லும் என்று தீர்ப்புச் சொன்னபோது டீக்கடையில் நம் ஆட்கள் பேசியது ஞாபகமிருக்கிறதா? அதில் சட்டப் பிரச்சினையும் இருக்கலாம், அரசியல் கணக்கும் இருக்கலாம். எனக்கு அந்தப் பேச்சில் என் நாலு நொடிதான் கேட்டது.

வங்கியில் மத்தியானம் நாங்கள் எட்டுப் பேர் ஒரே மேசையில் டிபன் பாக்ஸைத் திறக்கிறோம். கூட்டு, பொரியல், ஊறுகாய் எல்லாம் கை மாறும். என் பாக்ஸ் மட்டும் மாறாது. ‘அது என்ன கறி?’ என்று சிரித்துக்கொண்டே கேட்பார்கள், கோழி என்று சொன்னாலும் ‘இன்னைக்கு விரதம்’ என்பார்கள். சில பேருக்கு வாரத்தில் ஆறு நாள் விரதம். அதைக் கண்டு எனக்குக் கொதிக்கிறது. கொதிக்க வேண்டும். அதே கொதிப்போடு நான் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன், நீங்களும் கேட்டுக்கொள்ளுங்கள்: நம் சேரியிலேயே நாம் இன்னும் கை நனைக்காத வீடு எது?

ஒரு யோசனை சொல்கிறேன். ஒவ்வொரு ஏப்ரல் 14க்கும் நம் காலனியில் பிரியாணி போடுகிறோம். கேட்டரிங்காரர் அண்டாவோடு வந்து இறங்குகிறார், அருந்ததியர் தெருவுக்கும் பொட்டலம் அனுப்புகிறோம். அனுப்புகிறோம் என்பதைக் கவனியுங்கள். அடுத்த வருஷம் சமையல் அவர்கள் தெருவில், அவர்கள் அடுப்பில், அவர்கள் கையால் நடக்கட்டும். காசு நாம் எல்லோரும் போடுவோம். பொட்டலம் வேண்டாம், பேப்பர் பிளேட்டும் வேண்டாம். பெரிய தாம்பாளங்கள் வாடகைக்குக் கிடைக்கும். ஆறாறு பேராகச் சுற்றி உட்காருவோம், பெண்களும் சேர்ந்து. யாருக்கெல்லாம் அன்று வயிறு சரியில்லாமல் போகிறது என்று பார்ப்போம். எங்கள் காலனிச் சங்கத்தில் இதைப் பேசியிருக்கிறேன். இரண்டு பேர் சரி என்றார்கள், நாலு பேர் ‘பார்க்கலாம்’ என்றார்கள், ஒருவர் எழுந்து போய்விட்டார்.

தம்பியிடம் டீக்கடையில் இவ்வளவையும் சொல்லவில்லை. காபி போதும் என்றால் கிண்ணத்தை ஆட்டு, உனக்கு நேரே உள்ளதை எடு, வலது கையால் எடு என்று சொன்னேன். அவன் மறுபடியும் கேட்டான், “நம்மளயும் உக்காரச் சொல்வாங்களாண்ணே?”

“சொல்வாங்க. யாராவது வந்து இழுக்கட்டும்னு ஓரமா உக்காராத, நீயே போயி உக்காரு. உனக்குப் பின்னாடி ஓரத்துல யாராச்சும் உக்காந்திருந்தா அவனையும் கூப்பிடு.”

அவன் டீயைக் குடித்து முடித்தான். கடைக்காரர் எங்கள் இரண்டு பேப்பர் கப்பையும் கூடையில் போடச் சொல்லிக் கையைக் காட்டினார்.